பயிற்சி மாதங்களில் மாத்திரை வேண்டாம்

லண்டன் மாரத்தானில் ஓடிய 20 பேரை வைத்து நடத்தி, 2010-இல் வெளியான ஒரு சிறிய சோதனை இன்றும் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் பேச்சில் அடிபடுகிறது. பாதிப் பேருக்கு மான்ட்மொரென்சி என்ற புளிப்புச் செர்ரியின் சாறு கொடுத்தார்கள். மீதிப் பேருக்குப் போலிப் பானம். பந்தயத்துக்கு 5 நாள் முன்பே தொடங்கி, பந்தயத்தன்றும் அதற்கடுத்த 2 நாளும் குடித்தார்கள். ஓடி முடித்தவர்களை அசையாத கருவியை எதிர்த்து முழங்காலை நீட்டச் சொல்லி, தொடைத்தசையின் விசையை அளந்தார்கள். 42 கிலோமீட்டர் ஓடிய கால் எல்லோருக்கும் தளர்ந்துதான் போயிருந்தது. செர்ரிச் சாறு குடித்தவர்களுக்கு மட்டும் வலு சீக்கிரம் திரும்பியது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவுகளும் அவர்களுக்குக் குறைவாக இருந்தன. தசைச் சேதத்தைக் காட்டும் மற்ற அளவுகளில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆக, பலன் இருந்தது. ஆனால் அளவோடுதான் இருந்தது. அந்தச் சோதனை மொத்தமே 8 நாள் சங்கதி என்பதுதான் பிற்பாடு எல்லோருக்கும் மறந்துபோனது.

இன்று மஞ்சள், கிரீன் டீ, திராட்சை விதை, மாதுளை, செர்ரி என்று தாவரச் சாறுகளையும் காப்ஸ்யூல்களையும் வருடம் முழுக்க எடுக்கும் ஓட்டக்காரர்கள் பெருகிவிட்டார்கள். இந்தப் பழக்கம் தவறு என்பது என் கருத்து. சரக்கு போலி என்பதால் அல்ல, எடுக்கும் காலம் தவறு என்பதால். ஓட்டக்காரருக்கு இருவேறு தேவைகள் உண்டு. சனிக்கிழமை தகுதிச்சுற்று ஓடி ஞாயிற்றுக்கிழமை இறுதிச்சுற்றில் நிற்க வேண்டியவருக்கு, இருக்கும் காலை ஒரே இரவில் தேற்றியாக வேண்டும். ஆறு மாதம் கழித்து வரப்போகும் மாரத்தானுக்காக உழைப்பவருக்கோ, இருக்கும் காலைவிட வலுவான கால் வேண்டும். முதல் தேவைக்கு உதவுகிற அதே பொருள் இரண்டாவது தேவைக்குக் குறுக்கே நிற்கக்கூடும் என்பதற்கு ஆதாரங்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன.

கதை எலிகளிடமிருந்து தொடங்குகிறது. களைத்து விழும்வரை ஓடவிட்ட எலிகளின் தசையிலும் கல்லீரலிலும் ஃப்ரீ ராடிக்கல்கள் இரண்டு, மூன்று மடங்கு கூடியிருந்ததை 1982-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஃப்ரீ ராடிக்கல் செல்லைச் சிதைக்கும், ஆன்டி ஆக்சிடன்ட் அதை அடக்கும், எனவே ஓடுபவர்கள் ஆன்டி ஆக்சிடன்ட் எடுக்க வேண்டும் என்ற முடிவுக்குப் பலரும் வந்தார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஃப்ரீ ராடிக்கல்கள் வெறும் கழிவு அல்ல, தசைக்குள் வேலையைத் தொடங்கிவைக்கும் தூண்டுதல் என்பது பிறகு தெரியவந்தது. அவை கூடும்போதுதான் பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதம் முடுக்கப்பட்டு, செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. உடல் தன் சொந்த எதிர்ப்பு நொதிகளையும் கூடுதலாக உருவாக்குகிறது. மூச்சு வாங்காமல் நீண்ட தூரம் ஓட வைப்பதில் பெரும்பங்கு இந்த மாற்றங்களுக்குத்தான். 2009-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் 40 இளைஞர்களை 4 வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்து, ஒரு பகுதியினருக்கு ஆன்டி ஆக்சிடன்ட்களாகத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள். இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை மாத்திரை எடுக்காதவர்களிடம் உயர்ந்தது; எடுத்தவர்களிடம் உயரவில்லை. எதிர்ப்பு நொதிகளின் கதையும் அப்படியே. பயிற்சி கொடுக்க வந்ததை மாத்திரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

இதற்கு வலுவான மறுப்பு நார்வேயிலிருந்து வருகிறது. அங்கே 2014-இல் வெளியான 11 வார ஆய்வில் 54 ஆண்களும் பெண்களும் பங்கேற்றார்கள். அதே வைட்டமின்களை மாத்திரையாக எடுத்தவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா சார்ந்த புரதங்கள் எதிர்பார்த்தபடி கூடவில்லை. ஆனால் ஆக்சிஜனை உள்வாங்கும் உச்ச அளவு இரு தரப்புக்குமே ஏறத்தாழ 8 சதவீதம் உயர்ந்தது. ஓட்டத் திறனிலும் வேறுபாடு இல்லை. களத்தில் நஷ்டம் தெரியாதபோது தசைக்குள் என்ன நடந்தால் என்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, எனக்கும் இந்த ஆய்வைத் தள்ளிவிட மனமில்லை. ஆனால் இரண்டை யோசிக்க வேண்டும். நெடுந்தூர ஓட்டக்காரரின் உடல் 11 வாரத்தில் உருவாவதில்லை, பல ஆண்டுகளில் உருவாகிறது. தசைக்குள் தொடங்கும் சிறு குறை அத்தனை ஆண்டுகளில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்தக் குறுகிய கணக்கு காட்டாது. அடுத்தது, மாத்திரை எடுத்தவர்கள் எடுக்காதவர்களை முந்தவும் இல்லை. நஷ்டம் நிரூபணமாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் லாபமும் இல்லாத ஒன்றுக்கு மாதாமாதம் ஏன் காசு செலவழிக்க வேண்டும்?

இவையெல்லாம் வைட்டமின் மாத்திரைகள், தாவரச் சத்துகளின் சங்கதி வேறு என்பது அடுத்த மறுப்பு. பாதி உண்மை. செர்ரியிலும் மஞ்சளிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரத்தத்தில் மிகக் குறைந்த அளவே சேர்கின்றன. ஃப்ரீ ராடிக்கலை நேருக்கு நேர் பிடித்து அடக்குமளவுக்கு அவை அங்கே இருப்பதில்லை. செல்லை இலேசாகச் சீண்டி, அதன் சொந்தப் பாதுகாப்பைத் தூண்டுவதாலேயே அவை பலன் தருகின்றன என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதனால் வைட்டமின் ஆய்வுகளை அப்படியே எடுத்துத் தாவரச் சத்துமேல் சாத்த முடியாது. ஆனால் தாவரம் என்பதாலேயே விதிவிலக்கும் கிடையாது. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் அதற்குச் சாட்சி. 2013-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில் 65 வயதையொட்டிய 27 ஆண்களுக்கு 8 வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்தார்கள். தினமும் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் எடுத்தவர்களைவிட, போலி மாத்திரை எடுத்தவர்களின் ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் 45 சதவீதம் கூடுதலாக முன்னேறியது. இரத்த அழுத்தம் குறைந்ததும் போலி மாத்திரைக்காரர்களுக்குத்தான். அவர்கள் மாரத்தான் வீரர்கள் அல்ல, உண்மை. ஆனாலும் பயிற்சியின் பலனைத் தாவரச் சத்தும் கெடுக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு குறைவு.

மஞ்சளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோமே, அதில் என்ன வந்துவிடப்போகிறது என்ற கேள்வி நம் ஊரில் கட்டாயம் வரும். குழம்பில் போடும் மஞ்சளால் எதுவும் வந்துவிடாது. மஞ்சள்தூளில் அதன் முக்கியச் சத்தான குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டித் தூள் பாலில் விழுந்தாலும் 100 மில்லிகிராமைத் தாண்டாது, அதிலும் பெரும்பகுதி குடலைக் கடப்பதே இல்லை. காப்ஸ்யூல் விற்பவர்களுக்கும் இது தெரியும் என்பதால்தான் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் உடலில் சேரும் அளவு 20 மடங்கு கூடுகிறது என்று 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வு சொன்னது. ஆனால் பைப்பரின் கல்லீரலின் வெளியேற்றும் வேலையைத் தாமதப்படுத்தித்தான் இதைச் செய்கிறது. கூடவே எடுக்கும் வேறு மருந்துகளும் உடலில் தங்கிவிடக்கூடும். 2019-இல் இத்தாலியில் குர்குமின் சப்ளிமென்ட் எடுத்தவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து, அரசே எச்சரிக்க நேர்ந்தது. சமையலறை மஞ்சளின் நற்பெயரை இந்தக் காப்ஸ்யூலுக்கு நாம் இரவல் கொடுக்கக் கூடாது. பழத்துக்கும் இதே கணக்குத்தான். ஆரஞ்சு தின்னாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நடுத்தர ஆரஞ்சு ஒன்றில் இருப்பது 70 மில்லிகிராம் அளவு வைட்டமின் சி. ஆய்வுகளில் வம்பு செய்த அளவு அதைப்போல 14 மடங்கு.

அப்படியானால் யார் எடுக்கலாம்? அடுத்தடுத்த நாள்களில் ஓட்டவேண்டிய சைக்கிள் பந்தயக்காரர், ஒரே வாரத்தில் பல சுற்றுகள் உள்ள தடகள வீரர், பெரிய மாரத்தானை நெருங்கிவிட்டவர் ஆகியோர் பந்தயத்தை ஒட்டிய சில நாள்களுக்குச் செர்ரிச் சாறு போன்றவற்றைக் குடித்துப் பார்க்கலாம். புதிதாக உடலைக் கட்டும் வேலை அப்போது நடப்பதில்லை, இழப்பதற்கு அதிகமில்லை. அடிப்படைப் பயிற்சி நடக்கும் மாதங்களில் தூக்கமும் வயிறு நிறையச் சோறும் போதும். சப்ளிமென்ட் வாங்கும் போட்டியாளருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களை ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் சோதித்தபோது, 94-இல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் பொருள்கள் கலந்திருந்தன. 2004-இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகும் ஊக்கமருந்து விதி மாறவில்லை: தெரியாமல் விழுங்கினாலும் பொறுப்பு வீரருடையதே. செர்ரியைச் சாறாகவே குடிப்பது இந்த வகையிலும் மேல்.

எடுத்தால் வலி குறைகிறதே என்பவர்களை நான் மறுக்கவில்லை; அவர்கள் உணர்வதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் 50 சோதனைகளையும் 1,089 பேரையும் சேர்த்துப் பார்த்த ஆன்டி ஆக்சிடன்ட் சப்ளிமென்ட்கள் பற்றிய 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தசை வலியில் கிடைக்கும் குறைவு ஒருவருக்குப் பொருட்படுத்தத் தக்க அளவுகூட இல்லை என்றது. என்னை அதிகம் உறுத்துவது அந்தத் தொகுப்பில் உள்ள இன்னொரு எண். 1,089 பேரில் பெண்கள் வெறும் 128 பேர். மாரத்தான்களில் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓடும் காலம் இது. அவர்களுக்கு எந்த அளவு, எத்தனை நாள் என்று சொல்ல 128 பேரின் கணக்கு எந்த வகையிலும் போதாது. அடுத்த செர்ரிச் சோதனைக்கு ஆள் சேர்ப்பவர்கள் பெண்களிடமிருந்து தொடங்க வேண்டும்.