முதலில் முட்டி

புதிதாகப் பிரம்பு வாள் பிடிக்க வருகிறவர்கள் ஹெல்மெட்டைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எந்த நூற்றாண்டு வடிவம் நல்லது, 14 கேஜ் போதுமா, முகத்துக்குக் கம்பியா அல்லது துளையிட்ட தகடா? கேட்டுவிட்டால் போதும், பழைய ஆட்கள் சுற்றி உட்கார்ந்து விடியவிடியப் பதில் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்கு ருசிப்பதில்லை. ஹெல்மெட்டைத் தேர்ந்த கையிடம் வாங்கிக்கொள்ளட்டும். பணம் சேரும்வரை குழுவின் இரவல் ஹெல்மெட் இருக்கிறது. தன் கையால் தட்டிச் செய்ய வேண்டிய முதல் பொருள் முட்டிக் கவசம். இரண்டு காலுக்கும் சேர்த்துத் தொடங்கவும் வேண்டாம். முதலில் ஒரு காலுக்கு ஒன்று செய்தால் போதும்.

ஹெல்மெட்டில் பிழைக்கு இடமில்லை. இடைக்காலக் கவசச் சண்டை ஆடும் நம் எஸ்.சி.ஏ. சங்கத்தின் விதிப்படி தகடு 16 கேஜைவிட மெல்லியதாக இருக்கக்கூடாது. முகக் கம்பிகளுக்கு நடுவே ஓர் அங்குலக் கோல் நுழையக்கூடாது. வெல்டிங் எங்காவது விட்டுக்கொடுத்தால் அடி நேரே முகத்துக்கு. சுத்தியலை அன்றைக்குத்தான் கையில் எடுத்தவரிடம் இவ்வளவு பொறுப்பைச் சுமத்துவது தகாது. மார்புத் தகட்டில் அந்த அபாயம் குறைவு, ஆனால் கற்றுக்கொள்வதற்கும் குறைவாகவே இருக்கிறது. முட்டியில் எல்லாம் இருக்கிறது. தகட்டைக் குழிக்க வேண்டும், நகரும் பட்டைகளைக் கோக்க வேண்டும், மடங்கும் உடம்போடு ஒத்துப்போக வேண்டும், தோல் வாரைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். கெட்டுப்போனாலும் நஷ்டம் ஒரு சாண் தகடுதான்.

நம் களத்தில் முட்டி வாங்கும் அடியை நினைத்துப் பாருங்கள். முட்டியும் அதற்குக் கீழேயும் குறி வைக்கக் கூடாத இடங்கள். தவறி விழும் அடிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொடையில் நல்ல அடி விழுந்தவன் மண்டியிட்டுச் சண்டையைத் தொடர்வதுதான் 1966-இல் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் தொடங்கிய இந்த ஆட்டத்தின் மரபு. உடம்பின் பாரம், அதன் மேல் இரும்பின் பாரம், கையில் கேடயம், இவ்வளவும் ஒரே நொடியில் தரையில் இறங்குகின்றன. பென்சில்வேனியாவின் கோடைக்காய்ந்த மண் எந்தப் பிரம்பையும்விடக் கடினமானது. அங்கே நடக்கும் பென்சிக் போருக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாரம் முட்டிச்சில்லின் மீது இறங்குவதைவிடச் சற்றுக் கீழே, முன்காலெலும்பின் தலைப்பில் இறங்குவதுதான் அதிகம். முட்டிக் கவசத்தின் கீழ்ப்பட்டையின் விளிம்பை உள்நோக்கி விட்டவர் ஒவ்வொரு தடவை மண்டியிடும்போதும் அதை உணர்வார். அந்த விளிம்பை வெளிப்புறமாகச் சுருட்டிவிட்டு, உள்ளே கால் அங்குலத்துக்குக் குறையாமல் நெருக்கமான ஃபோம் ஒட்ட வேண்டும். களத்தில் கவசத்தைச் சோதிக்கும் மார்ஷல் தொட்டுப் பார்ப்பது அந்த ஃபோமைத்தான்.

விஸ்பி என்றதும் நம் ஆட்கள் உடற்கவசத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். 1361 ஜூலை 27-இல் கோட்லாந்து தீவின் விவசாயிகள் டென்மார்க் மன்னன் வால்டெமாரின் படையிடம் விஸ்பி நகர மதிலுக்கு வெளியே மாண்டார்கள். வெயிலில் பிணங்கள் கெட்டுப்போகும் என்று கவசத்தைக்கூடக் கழற்றாமல் பலரைப் பெருங்குழிகளில் தள்ளினார்கள். அதனால் நமக்குக் கிடைத்தவை துணிக்குள் தகடு வைத்து ரிவெட் அடித்த அந்த அருமையான உடற்கவசங்கள். பெங்ட் தூர்டெமான் 1939-40-இல் அவற்றைப் பற்றி வெளியிட்ட இரண்டு தொகுதிகளைப் பார்த்துத்தான் இன்று ஊருக்கு நான்கு பேர் விஸ்பிக் கவசம் செய்கிறார்கள். செய்யட்டும், நல்ல கவசம்தான். நான் அந்தத் தொகுதிகளில் நிற்பது எலும்புகளின் பக்கங்களில். வெட்டுகள் மிகுதியாக விழுந்திருப்பது கால்களில். கேடயத்துக்குக் கீழே எது தெரிந்ததோ அதை வெட்டியிருக்கிறார்கள். மார்பை மூட அவ்வளவு உழைத்தவர்கள் காலை விட்டுவிட்டார்கள். காலுக்கு இரும்பு வாங்குகிற வசதி அவர்களில் பலருக்கு இருந்திருக்காது.

வசதி இருந்தவன் எப்படிப் போனான் என்பதைக் கேன்டர்பரி பேராலயத்தில் பார்க்கலாம். 1376-இல் இறந்த கறுப்பு இளவரசனின் பொன்முலாம் பூசிய படிமம் அங்கே படுத்திருக்கிறது. எல்லோரும் தலைமாட்டில் கூடுவார்கள். கால்மாட்டுக்கு வந்து முட்டியைப் பாருங்கள். கிண்ணம் சிறியது, காலோடு ஒட்டியது. பக்கத்தில் அடக்கமான ஒரு சிறகு. தேவைக்கு மேல் ஒரு விரல்கடை இரும்பு கிடையாது. அடுத்த நூற்றாண்டில் மிலான்காரர்கள் இந்தச் சிறகை முட்டியின் பின்புறம்வரை சுற்றிவர வளர்த்தார்கள். குதிரை மேல் உட்கார்ந்தவனுக்கு அது சரி. ஜெர்மானியர்கள் வரிவரியாக மடிப்பு வைத்து அழகு காட்டினார்கள். இரண்டுக்கும் ரசிகர்கள் அதிகம், அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் நடந்து, ஓடி, மண்டியிட்டு, எழுந்து ஆடுகிற நம் ஆட்டத்துக்கு 1370-களின் முட்டியைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. புதியவருக்கு அதைத்தான் காட்டுவேன்.

செய்முறையில் முக்கால் பங்கு அட்டையில் முடிந்துவிடும். பஞ்சு வைத்துத் தைத்த காலுடையைப் போட்டுக்கொண்டு அளவெடுக்க வேண்டும். வெறுங்காலில் எடுத்த அளவு களத்தில் இறுக்கும். அட்டையை வெட்டிக் காலில் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, குந்திப் பார்த்த பிறகே தகட்டில் கோடு போடலாம். பழக்கமில்லாதவர்கள் சுலபமாக இறங்கும் என்று மெல்லிய 18 கேஜ் எடுப்பார்கள். எடுக்காதீர்கள். 16 கேஜ் எம்.எஸ். தகடு, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். குழிதட்டும்போது நடுப்பகுதி நீண்டு மெலியும், தரையில் மோதப்போவதும் அந்த நடுப்பகுதிதான். மெலிந்த பிறகும் மிச்சம் இருக்க வேண்டும்.

குழிதட்ட மரத்துண்டு போதும். தலைப்பில் உளியால் ஓர் ஆழக் குழி எடுத்து, உருண்டை முகச் சுத்தியலால் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச்சுற்றி நடுவுக்கு வர வேண்டும். நடுவில் தொடங்கி வெளியே வருகிறவர்களும் உண்டு. அவர்கள் செய்த முட்டிகளில் நடு அளவுக்கு மேல் மெலிந்திருப்பதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஓங்கி அடிக்கக் கூடாது. மணிக்கட்டு அடி, ஒன்றின் மேல் பாதி ஒன்றாக. ஓரம் நெளிந்து வரும். அதை அப்போதைக்கப்போது தட்டி உட்கார்த்திவிட வேண்டும், மடிய விட்டால் பிற்பாடு அந்த மடிப்பிலேயே விரியும். தகடு இறுகும்போது ஓசை மாறும், சுத்தியல் துள்ளும். அப்போது சிவக்கக் காய்ச்சித் தானாக ஆறவிட்டால் மீண்டும் கைக்கு வரும். இந்த ஓசையைக் காது பிடித்துக்கொள்வதற்காகவே புதியவர் ஒரு முட்டியாவது தட்ட வேண்டும் என்பேன். வேறெந்த வழியிலும் அது வராது.

பிறகு உருண்டைப் பட்டடையில் கவிழ்த்து, வழவழப்பான முகமுள்ள சுத்தியலால் வெளியிலிருந்து மெல்லத் தட்டி மேடுபள்ளத்தைச் சமமாக்குவது. இதில் அவசரப்பட்டவரின் வேலையை அரமும் பாலிஷ் சக்கரமும் காப்பாற்றாது. அரத்தால் ராவி ராவி மேட்டை அகற்றுகிறவர் தகட்டையும் சேர்த்துத்தான் அகற்றுகிறார்.

இப்போது என் உயிரான இடத்துக்கு வந்துவிட்டேன். கிண்ணத்துக்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, அதற்கப்பால் தொடைத் தகடும் முன்கால் தகடும். இறாலின் முதுகு மடங்குவதுபோல இவை ஒன்றன்கீழ் ஒன்று நழுவி மறைந்து, கால் நீளும்போது மறுபடி வெளிவர வேண்டும். சுழலும் ரிவெட் உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று. இரண்டும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், கால் எங்கே மடங்குகிறதோ அந்த அச்சில் நிற்க வேண்டும். அந்த அச்சு சில்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. கொஞ்சம் பிசகினாலும் போதும், பாதி மடக்கிலேயே தகடு தகட்டைக் கவ்விக்கொள்ளும். அல்லது விரிந்து இடைவெளி காட்டும். எனவே ஒரு பக்கத் துளையை முதலில் போட்டு, ரிவெட்டுக்குப் பதில் சின்ன போல்ட் நட்டு மாட்டி, காலில் கட்டி முழுதும் மடக்கி நீட்டிப் பார்த்த பிறகே மறுபக்கத் துளையைக் குறிக்க வேண்டும். எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்ற பிறகு போல்ட்டைக் கழற்றி ரிவெட். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு தகடுகளுக்கும் நடுவே மெல்லிய அட்டைத் துண்டை வைத்து ரிவெட்டின் வாலைத் தட்டி முடித்துவிட்டு, அட்டையை உருவி எடுத்துவிட வேண்டும். அந்த அட்டையின் கனம்தான் தகடுகள் அசைய விடும் இடம்.

அப்படி முடித்த முட்டியைக் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் சீராக வரும். சந்தையில் விற்கும் பல முட்டிகள் கிலுகிலுவென்று ஆடும் அல்லது முறுக்கிக்கொள்ளும். ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கில் வெட்டி, எல்லாக் காலுக்கும் பொருந்தட்டும் என்று துளைகளைப் பெரிதாக விட்டுவிடுகிறார்கள். எல்லாக் காலுக்கும் பொருந்துவது எந்தக் காலுக்கும் சரியாகப் பொருந்தாது. அலுமினிய பாப் ரிவெட் போட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். சுழலும் இடத்தில் அது எத்தனை நாள் நிற்கும்?

வார் வைப்பதைக் கற்றுக்கொள்ள வார்விக் நகரத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே செயின்ட் மேரி ஆலயத்தில் ரிச்சர்ட் பீச்சாம் பிரபுவின் வெண்கலப் படிமம், 1450-களின் வேலை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் ஸ்டாதர்ட் என்ற ஓவியர் அதைப் புரட்டிப் பார்த்தபோது, யார் கண்ணிலும் படாத முதுகுப்புறத்திலும் வாரும் பக்கிளும் கீலும் அப்படியே வார்க்கப்பட்டிருந்தன. கவசம் உடம்பில் எப்படிப் பூட்டப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி குறைவு. நம் புதியவருக்குச் சுருக்கமாகச் சொன்னால், வாரை முட்டியின் பின்மடிப்பில் போடக்கூடாது, மேலொன்று கீழொன்று. பக்கிள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் வைத்தால் நடக்கும்போது ஒன்றோடொன்று மாட்டும். முழுக்கால் கவசமும் வார் இறுக்கத்தில் நிற்கக்கூடாது. தொடைத் தகட்டின் மேல்விளிம்பிலிருந்து கயிறு போட்டு இடுப்புப் பட்டையிலோ இறுக்கமான உள்சட்டையிலோ தொங்கவிட வேண்டும். வாரை இறுக்கி இறுக்கியே காலில் நிறுத்த முயன்று ரத்த ஓட்டம் நின்று உட்கார்ந்துவிட்டவர்களை ஒவ்வொரு முகாமிலும் பார்க்கலாம்.

பிளாஸ்டிக் பீப்பாயை வெட்டி, ஹீட் கன்னில் வளைத்துக் கவசம் செய்கிறவர்களை நான் இழிவாகப் பேசுவதில்லை. செலவு குறைவு, ஒரே நாளில் களத்துக்குப் போகலாம், சட்டைக்கு உள்ளே மறைந்தால் கண்ணுக்கும் கேடில்லை. விலாவுக்கும் சிறுநீரகப் பக்கத்துக்கும் அது போதும். ஸ்கேட்டிங் முட்டிப்பட்டையைக் கால்சட்டைக்குள் போட்டுக்கொண்டு வருகிறவரையும் மார்ஷல் அனுமதிக்கலாம். முதல் மாதத்துக்கு அது நல்ல ஏற்பாடுதான். டைட்டானியம் கட்சி வேறு. எஃகு ஆயுதங்களால் மோதும் பூஹர்ட் ஆடுகிறவர்கள் அதைத்தான் புகழ்கிறார்கள்; எடை குறையும், உண்மை. ஆனால் குளிர்ந்த நிலையில் தட்டினால் வளைந்த தகடு திரும்ப எழுந்து நிற்கும். முதல் முறை தட்டுகிறவருக்கு அது ஒத்துழைக்காது, காசு கொடுத்து வாங்கத்தான் முடியும். தன் முட்டியைத் தட்டியவர் பிற்பாடு எதை வாங்கினாலும் விழிப்போடு வாங்குவார். துளையைப் பார்ப்பார், விளிம்பைத் தடவுவார், மடக்கிப் பார்ப்பார். இதுதான் நான் அவரிடம் வேண்டுவதெல்லாம்.

காலி ஃப்ரியான் வாயு உருளையை வெட்டி ஹெல்மெட் செய்த நம் ஆட்டத்தின் ஆரம்ப நாட்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இன்று அதிகம். பழைய தரைக்கம்பளத்தை மேலே கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். அழகில்லைதான். ஆனால் உடைந்ததை அன்றிரவே தாங்களே சரி செய்துகொண்டு மறுநாள் வந்தார்கள். இன்றைக்கு ரிவெட் ஒன்று கழன்றால் கவசத்தைப் பெட்டியில் வைத்து விற்றவருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள், அந்தப் பருவம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் யாராவது ஒருவருடைய கொட்டகையில் கூடி, ஆளுக்கொரு கட்டையில் தட்டிய பழக்கம் பல குழுக்களில் நின்றுபோய்விட்டது. பட்டறை வைத்திருந்தவர்களுக்கு வயதாகிவிட்டது, அக்கம்பக்கத்தார் சத்தத்தைப் பொறுப்பதில்லை, இளையவர்களுக்கு நேரமில்லை. எல்லாம் நியாயமான காரணங்கள்தான், ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. படம் பார்த்து வாங்கிய பளபளப்பான கவசங்கள் வரிசையாக நிற்கும் களத்தில் ஒரு முட்டிகூடச் சரியாக மடங்காமல் ஆட்கள் விறைத்து நடப்பதைப் பார்க்கும்போது, தரம் விழுந்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

உங்கள் குழுவுக்கு இந்தக் குளிர்காலத்தில் புதியவர் ஒருவர் வந்து கவசம் பற்றிக் கேட்டால், விலைப்பட்டியலை எடுக்காதீர்கள். இரவல் ஹெல்மெட்டைத் தலைக்குப் பொருத்திவிட்டு, ஒரு அட்டையையும் கத்தரிக்கோலையும் 16 கேஜ் தகடு ஒரு துண்டையும் கொடுத்து, சனிக்கிழமை காலையில் கொட்டகைக்கு வரச் சொல்லுங்கள்.