கருவாட்டுக்குப் பயம், பாக்குக்கு இல்லை

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் தேவனேரியில் கருவாடு வாங்கப் போயிருந்தேன். விற்றுக்கொண்டிருந்த அக்கா யாரோ காட்டிய வாட்ஸ்அப் செய்தியைச் சொல்லிக் கேட்டாங்க: "கருவாடு துன்னா தொண்டைல கேன்சர் வருமாமே, நெசமா தம்பி?" கேட்கும்போதே கன்னத்தில் பாக்கு அடக்கியிருந்தாங்க. அதைப் பத்திக் கேட்டேன். "இது வெறும் பாக்குதான், பொயில கெடையாது."

முதலில் அந்தச் செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1993-இல் 'சீன முறை உப்புமீனை' முதல் பிரிவில் வைத்தது உண்மை. ஆனா அது சொன்னது மூக்குக்குப் பின்னால் இருக்கும் மேல்தொண்டைப் புற்றுநோயைப் பற்றி. தென்சீனாவில் அதிகம் வருவது. எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும் அதில் பங்கு உண்டு. மற்ற உப்புமீன்களை வகைப்படுத்தச் சான்று போதாது என்று அதே முகமைதான் சொன்னது. செய்தியை எழுதியவர் இந்தப் பாதியை விட்டுவிட்டார்.

'தொண்டை கேன்சர்' என்று ஒரே நோய் கிடையாது. குரல்வளையில் வருவதற்கு முக்கியக் காரணம் பீடி, சிகரெட். மதுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. டான்சிலிலும் அடிநாக்கிலும் வருவதில் ஒரு பகுதிக்கு ஹெச்.பி.வி. 16 வைரஸ் காரணம். கன்னத்தின் உள்பக்கம், ஈறு, நாக்கு என்றால் நம்ம ஊரில் முதலில் கேட்க வேண்டியது புகையிலையும் பாக்கும்.

அதே முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியில் பாக்கையும் முதல் பிரிவில் வைத்தது. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்குக்கும் அதே பிரிவுதான். முதல் பிரிவு என்றால் சான்று உறுதி என்று பொருள். எல்லாம் ஒரே அளவு ஆபத்து என்று பொருள் இல்லை.

ரெண்டாவது, பாக்குப் பொட்டலத்தின் மேல் இருக்கும் வரி. பாக்கு மெல்லுவது உடல்நலத்துக்குத் தீங்கு என்று மட்டும் போட்டால் விதிக்குப் போதும். புற்றுநோய் என்ற சொல் வேண்டியதில்லை. அக்கா வைத்திருந்த பொட்டலத்தில் அதுவும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-இலிருந்து தடை. ஆனா 'புகையிலை இல்லை' என்பதையே ஜனங்க 'ஆபத்து இல்லை' என்று எடுத்துக்கிறாங்க. அந்த வரி இதைத் திருத்தவே இல்லை.

"காரம் பட்டா வாய் எரியுதா, அக்கா?" என்று கேட்டேன். "கொஞ்ச நாளா எரியுது." வாயைத் திறந்து மூணு விரலை நெட்டுக்குத்தாக வைக்கச் சொன்னேன். ரெண்டுதான் போச்சு. பாக்கால் கன்னச் சதை இறுகும் நோயாக இருக்கலாம். அது புற்றுநோய் இல்லை, ஆனா அதாக மாறக்கூடியது.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே போகச் சொல்லிவிட்டு, கருவாடு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.