காலவரையறைக்குள் பின்நவீனத்துவம்: விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகக் கண்காட்சி – ஒரு மதிப்பீடு

முன்னுரை

பெருங்கதையாடல்களின்மீது கொள்ளும் அவநம்பிக்கையே பின்நவீன நிலை என 1979இல் வெளிவந்த தம் நூலில் ழான் பிரான்சுவா லியோதார் வரையறுத்தார். அவ்வரையறையை ஏற்பின், பின்நவீனத்துவத்திற்கே தோற்றம், வளர்ச்சி, முடிவு என ஒரு வரலாறு எழுத இயலுமா என்னும் வினா எழுகிறது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2011 செப்டம்பர் முதல் 2012 ஜனவரி வரை நடத்திய ‘பின்நவீனத்துவம்: பாணியும் கவிழ்ப்பும் 1970–1990’ என்னும் கண்காட்சி இவ்வினாவைத் தவிர்க்க முடியாத நிலையில் இருந்தது. கிளென் ஆடம்சன், ஜேன் பாவிட் ஆகியோர் தொகுத்தளித்த அக்கண்காட்சி இம்முரண்பாட்டை எவ்வாறு கையாண்டது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இறப்புத் தேதியும் தொடக்கமும்

கண்காட்சி ஏறத்தாழக் காலவரிசையில் அமைந்தது. 1970களின் கட்டடக்கலையில் தொடங்கி, 1980களின் இசை, ஆடை, வடிவமைப்பு வழியாகச் சென்று, பணம் குறித்த பகுதியை அடைந்தது. இத்தகைய வரலாற்றுக்குத் தெளிவான தொடக்கம் தேவை. அதனை முன்னரே வழங்கியவர் சார்லஸ் ஜெங்க்ஸ். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் புரூயிட்–ஐகோ குடியிருப்பு தகர்க்கப்பட்ட 1972 ஜூலை 15, பிற்பகல் 3.32 மணிக்கு நவீனக் கட்டடக்கலை இறந்தது என அவர் 1977இல் எழுதினார். உண்மையில், தகர்ப்புப் பணி அவ்வாண்டு மார்ச்சிலேயே தொடங்கி 1976 வரை நீடித்தது. பெருங்கதையாடலை மறுத்த இயக்கத்தின் பிறப்புக் கதையே ஒரு புனைவான நிமிடத்தின்மீது நிற்கிறது என்பது கருதத்தக்கது. எனவே காலவரையறை என்னும் முரண்பாடு அருங்காட்சியகம் புதிதாகப் புகுத்தியதன்று. பின்நவீனத்துவத்தினுள்ளேயே உறைந்திருந்தது எனலாம்.

பொருளும் பயன்பாடும்

பயன்பாட்டுப் பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் அடைத்து உயிரற்றவையாக்குவது அருங்காட்சியகங்கள்மீது பொதுவாகச் சுமத்தப்படும் குறை. இங்கு அக்குறை முழுமையாகப் பொருந்தவில்லை. அலெஸ்ஸி நிறுவனம் 1983இல் வெளியிட்ட வெள்ளித் தேநீர்த் தொகுதிகள் பதினொரு கட்டடக் கலைஞர்களால் வடிவமைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 99 படிகளே செய்யப்பட்டன. தேநீர் ஊற்றப்படுவதைவிடச் சேகரிக்கப்படுவதற்கே அவை பிறந்தன. 1981இல் மிலானில் தோன்றிய மெம்பிஸ் குழுவின் நிலையும் இத்தகையதே. எத்தோரே சோத்சாஸ், காப்பிக்கடை மேசைகளில் ஒட்டப்படும் மலிவான லேமினேட்டை அறைகலன்களுக்குப் பயன்படுத்தினார். உயர்ந்த பொருள், தாழ்ந்த பொருள் என்னும் பாகுபாட்டைக் கவிழ்ப்பது அதன் நோக்கம். ஆனால் அவ்வறைகலன்கள் ஆடை வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்டின் மோன்டே கார்லோ இல்லத்தை நிறைத்தன. மலிவு என்பது விலையுயர்ந்த ஒரு குறியாக மாறிவிட்டது.

இதற்கு மாறான சான்றாகப் பாடகி கிரேஸ் ஜோன்ஸின் மகப்பேற்றுக்கால ஆடையைக் கூறலாம். 1979இல் ழான்-பால் கூட், அன்டோனியோ லோபஸ் ஆகியோர் உருவாக்கிய இவ்வாடை, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்ககால நவீனக் கலையின் கோண வடிவங்களை எடுத்தாள்கிறது. அவ்வடிவங்கள் கருவுற்ற உடலை ஒருசேர மறைத்தும் பறைசாற்றியும் நிற்கின்றன. மேற்கோள் இங்கு வெறும் அலங்காரமாக நிற்காமல் ஒரு பெண்ணின் தேவையோடு இணைகிறது. அணிந்தவர் இல்லாத நிலையில் உண்மையாகவே இழப்புக்குள்ளாவது இத்தகைய பொருள்தான். இவ்வேறுபாட்டைக் காலவரிசை அமைப்பு உணர்த்தவில்லை.

மற்றொரு முன்மாதிரி

லியோதார் தாமே 1985இல் தியெரி ஷாப்புடன் இணைந்து பாரிஸ் பொம்பிதூ மையத்தில் ‘லே இம்மாத்தேரியோ’ என்னும் கண்காட்சியை அமைத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட காட்சியிடங்கள், அவற்றைப் பிரிக்கும் சாம்பல்நிற வலைத்திரைகள், இடத்திற்கேற்ப ஒலி மாறும் காதணிக் கருவிகள் ஆகியவை இருந்தனவேயன்றி, வகுக்கப்பட்ட ஒரே வழி இல்லை. திகைப்பையே அறிதல் முறையாக்க அது முயன்றது. கோட்பாட்டுக்கு நெருக்கமானது அதுவே. எனினும் பணத்தின் பங்கைத் தெளிவுறக் காட்டியது இலண்டன் கண்காட்சியே. ஆன்டி வார்ஹோலின் டாலர் குறி ஓவியமும், ஜெஃப் கூன்ஸ் துருப்பிடிக்கா எஃகில் வார்த்த பதினான்காம் லூயியின் மார்பளவுச் சிலையும் இடம்பெற்ற பகுதி, எள்ளல் எவ்வாறு சரக்காகிறது என்பதைக் கூச்சமின்றி முன்வைத்தது.

முடிவுரை

தமிழில் 1990களில் ‘நிறப்பிரிகை’ முதலிய சிற்றிதழ்கள் வழி நிகழ்ந்த பின்நவீனத்துவ விவாதங்களில் பிரதி, வாசிப்பு, அதிகாரம் ஆகியனவே முதன்மை பெற்றன. அவற்றின் வழி இக்கோட்பாட்டை அறிந்த ஆய்வாளருக்கு, நாற்காலியும் தேநீர்க் கோப்பையும் விலைச்சீட்டும் அதே வரலாற்றின் சான்றுகள் என உணர்த்துவது இக்கண்காட்சியின் பயன். அதன் குறை 1990 என்னும் எல்லைக்கோட்டில் உள்ளது. ஒரு பாணி முடிவுற்றதாக அறிவிக்கப்படும்போது, எதிர்ப்பு விற்பனைப் பொருளாகும் நிகழ்வும் அத்துடன் முடிவுற்றதுபோல் தோன்றிவிடுகிறது. பாணிக்கு இறுதியாண்டு குறிக்கலாம். அந்நிகழ்வுக்குக் குறிக்க இயலாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே பின்நவீனத்துவத்தை வரலாறாக எழுத முனைவோரின் முதற்கடமையாகும்.