முதற்சொல்லை மட்டும் படிக்கும் விளக்கி: பைத்தானின் சி.எம்.டி. தொகுதி

பயனர் தட்டச்சு செய்யும் வரியைப் பெற்று, அதிலுள்ள கட்டளையை இனங்கண்டு, அதற்குரிய செயலை நிகழ்த்தி, விடையை அச்சிட்டு, அடுத்த வரிக்காக மீண்டும் காத்திருக்கும் நிரற்பகுதிக்குக் கட்டளை விளக்கி என்று பெயர். யூனிக்ஸின் ஷெல், பிழைதிருத்தியான ஜி.டி.பி., சீக்வலைட் தரவுத்தளத்தின் முனையம் ஆகிய மூன்றும் வெவ்வேறு பணிகளுக்கு உரியவையாயினும், மூன்றின் முகப்பிலும் இத்தகைய விளக்கி ஒன்று அமர்ந்திருக்கிறது. ஊடாடும் கருவி ஒவ்வொன்றுக்கும் அதன் ஆசிரியர் அவசரத்தில் ஒரு கட்டளைமொழியை இயற்றுவதும், அது அரைகுறையாகவே நின்றுவிடுவதும் கண்டு சலித்த ஜான் ஆஸ்டர்ஹவுட், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1988இல் டி.சி.எல். என்ற மொழியைத் தொடங்கினார்; எந்த நிரலுக்குள்ளும் பொதிந்துவைக்கத்தக்க முழுமையான மொழி ஒன்று இருந்தால் இந்தச் சிக்கல் தீரும் என்பது அவருடைய எண்ணம். பைத்தான் மொழியின் செந்தர நூலகத்தில் உள்ள சி.எம்.டி. தொகுதி இதே சிக்கலுக்கு நேர் எதிரான திசையிலிருந்து விடை தேடுகிறது. மொழி எதையும் அது தருவதில்லை. வரியின் முதற்சொல்லைப் பிரித்தெடுத்து, எஞ்சியதைத் தொடாமல் அப்படியே ஒப்படைப்பதோடு தன் கடமை முடிந்தது என்று கருதுகிறது.

தொகுதி முழுவதும் ஏறத்தாழ 400 வரிகளே ஆகும். அவற்றிலும் கணிசமான பகுதி விளக்கவுரை. அமைப்பு எளிது. நிரலர் இத்தொகுதியின் அடிப்படை இனக்குழுவிலிருந்து தமக்கென ஓர் இனக்குழுவை வருவித்து, அதற்குள் 'டூ' என்ற முன்னொட்டும் ஓர் அடிக்கோடும் கொண்ட பெயர்களில் செயற்கூறுகளை எழுதுகிறார். பயனர் 'லிஸ்ட்' என்று தட்டினால், விளக்கி அந்தச் சொல்லுக்கு முன் 'டூ'வைச் சேர்த்து, அப்பெயரில் செயற்கூறு உண்டா என்று இனக்குழுவிடமே கேட்டு, இருந்தால் அதை அழைக்கிறது. கட்டளைகளுக்கென்று தனிப் பட்டியல் வேண்டியதில்லை. செயற்கூற்றின் பெயரே பதிவேடாகி விடுகிறது. அச்செயற்கூற்றின் தொடக்கத்தில் எழுதப்படும் விளக்கவுரை 'ஹெல்ப்' கட்டளையின் விடையாகிறது. தத்தல் விசையை அழுத்தினால் பெயரின் எஞ்சிய எழுத்துகள் தாமே நிரம்புகின்றன. சோதனைக்காக எழுதப்பட்ட நூலகப் பதிவேட்டு நிரலொன்றில், நூலைச் சேர்க்க, நீக்க, பட்டியலிட என மூன்று கட்டளைகளும் உதவிப் பக்கங்களும் முப்பது வரிகளுக்குள் அடங்கின. இத்தனை குறைந்த உழைப்பில் இத்தனை முழுமையான முகப்பைத் தரும் கருவி அரிது. பைத்தானின் சொந்தப் பிழைதிருத்தியான பி.டி.பி.யே இந்த அடிப்படையின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பதால், இதை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கவும் முடியாது.

ஆனால் முதல் பத்து நிமிடங்களின் மகிழ்ச்சி, பயனர் நிரலர் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளும் வரையில்தான் நீடிக்கிறது. ஒன்றும் தட்டாமல் நுழைவு விசையை அழுத்துபவர், தவறாகத் தட்டுபவர், இடையில் எழுந்து போக நினைப்பவர் ஆகியோரிடம் ஒரு விளக்கி எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே அதன் தரத்தை மதிப்பிட வேண்டும். இம்மூன்று இடங்களிலும் சி.எம்.டி.யின் இயல்பிருப்பு, அதாவது நிரலர் மாற்றாதபோது தானாக அமையும் நடத்தை, ஐயத்துக்கு உரியதாக இருக்கிறது.

வெற்று வரியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றும் எழுதாமல் நுழைவு விசையை அழுத்தினால் சி.எம்.டி. முந்தைய கட்டளையை மீண்டும் நிறைவேற்றுகிறது. பிழைதிருத்தியில் இது வரப்பிரசாதம்: நிரலை அடியடியாக நகர்த்திப் பார்ப்பவர் ஒவ்வோர் அடிக்கும் அதே கட்டளையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நூலகப் பதிவேட்டிலோ, 'பட்டியலின் முதல் நூலை நீக்கு' என்ற கட்டளைக்குப் பின் திரையில் இடைவெளி விடுவதற்காக ஒருவர் நுழைவு விசையை இருமுறை தட்டினால் மேலும் இரண்டு நூல்கள் மறைந்துவிடும். சோதனையில் அவ்வாறே நிகழ்ந்தது. ஜி.டி.பி. இந்த இடத்தில் நுட்பமானது; அதிலும் வெற்று வரி முந்தைய கட்டளையைத் திரும்பச் செய்யும், எனினும் நிரலைத் தொடக்கத்திலிருந்து ஓட்டும் 'ரன்' போன்ற கட்டளைகள் அவ்வாறு திரும்ப நிகழ்வதில்லை, மூலநிரலைக் காட்டும் 'லிஸ்ட்' கட்டளையோ காட்டிய வரிகளையே மீண்டும் காட்டாமல் அடுத்த வரிகளுக்கு நகர்கிறது. திரும்பச் செய்யலாமா என்பதைக் கட்டளை ஒவ்வொன்றும் தனக்குத் தானே முடிவு செய்துகொள்ளும் அந்த ஏற்பாடு சி.எம்.டி.யில் இல்லை. வெற்று வரிக்குரிய செயற்கூற்றை ஒன்றும் செய்யாததாக மாற்றி எழுத இரண்டு வரிகள் போதும். ஆயினும் அந்த இரண்டு வரிகள் தேவை என்பது தெரியவரும்போது சில நூல்கள் போயிருக்கும்.

அடுத்தது வெளியேறுதல். கட்டளைச் செயற்கூறு மெய் எனக் கொள்ளத்தக்க மதிப்பு எதையேனும் திருப்பி அனுப்பினால் விளக்கி தன் வட்டத்தை முடித்துக்கொள்கிறது. எதையும் அனுப்பாவிட்டால் தொடர்கிறது. வெளியேறும் கட்டளையை எழுதுவதற்கு இது வசதியே. ஆனால், வேலை வெற்றிகரமாக முடிந்ததற்கு அடையாளமாக மெய் என்பதையோ, சேர்க்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கையையோ திருப்பி அனுப்பும் பழக்கமுள்ள நிரலர், ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் தம் நிரல் ஓசையின்றி நின்றுபோவதைக் கண்டு திகைப்பார். தோல்வியுறும் கட்டளை தொடர்ந்து ஓடுவதும் வென்ற கட்டளை நிரலை முடித்துவைப்பதுமான இந்த வேடிக்கை, ஆவணத்தைக் கவனமாகப் படிக்காதவருக்கு எளிதில் புலப்படுவதில்லை.

உள்ளீடு தீர்ந்துவிட்டது என்பதைத் தெரிவிக்க யூனிக்ஸ் முனையத்தில் கன்ட்ரோல் விசையுடன் 'டி' அழுத்துவது வழக்கம். சி.எம்.டி. அதைத் தனி நிகழ்வாகக் கருதாமல், பயனர் 'இ.ஓ.எஃப்.' என்ற மூன்றெழுத்துகளைத் தட்டியதாகவே பாவித்து, அப்பெயரில் ஒரு கட்டளையைத் தேடுகிறது. கட்டளை இல்லையென்றால் அறியாத தொடரமைப்பு என்று முறையிட்டுவிட்டு அடுத்த வரியைக் கேட்கிறது. விசைப்பலகைக்கு முன் மனிதர் இருக்கும்போது இது சிறு எரிச்சல் மட்டுமே. கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி, அக்கோப்பையே நிரலுக்கு உள்ளீடாகத் திருப்பிவிடும்போது நிலைமை வேறு: கோப்பின் முடிவை எட்டிய விளக்கி, கேட்க, 'முடிந்தது' என்ற விடையைப் பெற, அதைப் புரியாத கட்டளை என்று அறிவிக்க, மறுபடி கேட்க என முடிவற்ற சுழலில் விழுந்து, திரை முழுவதும் ஒரே பிழைச்செய்தியைக் கொட்டுகிறது. அப்பெயரில் ஒரு செயற்கூற்றை எழுதி இதைத் தவிர்க்கலாம். தவிர்த்தபின், உதவிப் பட்டியலில் பயனருக்குச் சற்றும் பொருள்படாத 'இ.ஓ.எஃப்.' என்ற கட்டளை மற்றவற்றோடு சமமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எஞ்சிய வரியைத் தொடாமல் ஒப்படைக்கும் கொள்கையின் விளைவு இவற்றைவிட ஆழமானது. கட்டளைப் பெயருக்குப் பின்வரும் தகவலுக்குச் செயலுருபு என்று பெயர்; ஷெல்லில் அது இடைவெளிகளால் பல சொற்களாகப் பிரிக்கப்பட்டே நிரலைச் சேர்கிறது. சி.எம்.டி.யில் அது ஒரே சரமாக வந்து சேர்வதால், 'பொன்னியின் செல்வன் கல்கி' என்ற வரியில் நூற்பெயர் எங்கு முடிந்து ஆசிரியர் பெயர் எங்குத் தொடங்குகிறது என்பதை நிரலரே முடிவு செய்ய வேண்டும். இதைக் குறையென்று சொல்வது முழுவதும் சரியாகாது. கணக்கீட்டுக் கோவையைப் பெறும் கட்டளைக்கும், கட்டற்ற உரையைப் பெறும் கட்டளைக்கும் சொற்பிரிப்பு இடையூறாகவே இருக்கும், பி.டி.பி. தன் கட்டளைகளில் பைத்தான் கோவைகளை அப்படியே ஏற்க முடிவது இந்த ஒதுக்கத்தால்தான். சொற்பிரிப்பு வேண்டுவோருக்குச் செந்தர நூலகத்திலேயே ஷ்லெக்ஸ் என்ற தொகுதி இருக்கிறது. மேற்கோள் குறிகளுக்குள் உள்ளவற்றை ஒரே சொல்லாகக் கொண்டு, ஷெல்லைப் போலவே அது வரியைப் பிரித்துத் தரும்.

சோதனை நிரலில் ஷ்லெக்ஸ் இணைக்கப்பட்டபோது இன்னொரு பொறி திறந்தது. ஆங்கில நூற்பெயர்களில் உடைமையைக் குறிக்க வரும் ஒற்றை மேற்குறியை ஷ்லெக்ஸ் மேற்கோளின் தொடக்கமாகக் கருதுகிறது. அதற்கு முடிவுக்குறி இல்லாதபோது ஒரு விதிவிலக்கை எழுப்புகிறது. விதிவிலக்கு என்பது, நிரலின் வழமையான ஓட்டத்தை நிறுத்தி, அதைக் கையாளும் பகுதியைத் தேடி மேல்நோக்கிச் செல்லும் பிழையறிவிப்பு. சி.எம்.டி.யின் வட்டத்தில் அத்தகைய பகுதியே இல்லை. ஆகவே ஒரு நூற்பெயரிலிருந்த ஒற்றைக் குறி நிரல் முழுவதையும் வீழ்த்தியது; நினைவகத்தில் மட்டும் இருந்த பதிவுகள் அனைத்தும் அதனுடன் போயின. நீண்டநேரம் ஓடும் கட்டளையை நிறுத்தக் கன்ட்ரோல் விசையுடன் 'சி' அழுத்தினாலும் இதே முடிவுதான். ஒரு கட்டளையின் தோல்வி அமர்வு முழுவதையும் கொண்டுபோகாமல் காப்பது ஊடாடும் விளக்கியின் தலையாய பொறுப்பு. கென் தாம்ப்சன் எழுதிய 'எட்' தொகுப்பி எல்லாப் பிழைகளுக்கும் ஒற்றைக் கேள்விக்குறியையே விடையாகத் தந்து பயனரைச் சோதித்தாலும், அந்தக் கேள்விக்குறிக்குப் பின் பணி தொடர்ந்தது. இந்த மதிப்பீட்டில் சி.எம்.டி.க்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுள் மிகக் கடுமையானது இதுவே. ஒரு கட்டளையை நிறைவேற்றும் உட்செயற்கூற்றை மேலெழுதி, அதைச் சுற்றி விதிவிலக்குப் பொறி ஒன்றை அமைப்பதே மாற்று.

நீண்ட கட்டளையைப் பல வரிகளில் எழுதுவதற்கும் இங்கு வழியில்லை. அரைப்புள்ளி வரும்வரை தூண்டுகுறியை மாற்றிக் காட்டிக் காத்திருக்கும் சீக்வலைட் முனையத்தோடு பழகியவருக்கு இது உடனே உறுத்தும். கட்டளைச் சுருக்கங்களும் அப்படியே: குழப்பம் தராத முன்பகுதியை மட்டும் தட்டினால் முழுக் கட்டளையை உணர்ந்துகொள்ளும் ஜி.டி.பி.யின் வசதி இல்லாததால், ஒரே செயற்கூற்றுக்கு இரண்டு மூன்று பெயர்களைச் சூட்டி பி.டி.பி. சமாளிக்கிறது. தத்தல் விசையின் உதவியோ ரீட்லைன் என்ற வரித்திருத்த நூலகத்தைச் சார்ந்தது. விண்டோசுக்கான பைத்தானுடன் அது வருவதில்லை.

தமிழ் வாசகருக்கு அக்கறையுள்ள கேள்வி ஒன்று எஞ்சுகிறது: கட்டளைப் பெயர்கள் தமிழில் இருக்கலாமா? 2008இல் வெளிவந்த பைத்தான் 3.0 முதல் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ்ப் பெயர் சூட்ட மொழி இடமளிக்கிறது. ஆகவே 'டூ' முன்னொட்டுக்குப் பின் 'கொடு' என்று எழுதிய செயற்கூற்றை மொழி மறுப்பின்றி ஏற்கிறது. ஆனால் பயனர் 'கொடு' என்று தட்டும்போது விளக்கி அதை அறியேன் என்கிறது. கட்டளைச் சொல்லில் இடம்பெறத்தக்க குறிகளின் பட்டியல் சி.எம்.டி.யில் ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், அடிக்கோடு ஆகியவற்றோடு முடிந்துவிடுவதே காரணம். பட்டியலில் இல்லாத முதற்குறியைக் கண்டதும் சொல் முடிந்ததாக அது கருதுவதால், தமிழ் வரியின் முதற்சொல் அதன் கணக்கில் வெறுமையாகிறது. இணைப்புக்கோடு கொண்ட ஆங்கிலக் கட்டளைகளும் இதே விதியால் கோட்டின் முன்னே துண்டிக்கப்படுகின்றன.

பட்டியலை நிரலர் நீட்டிக்கொள்ளலாம். உயிரெழுத்துகளையும் மெய்யெழுத்துகளையும் சேர்த்தால் மட்டும் போதாது. ஒருங்குறியில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறிகளாக இருப்பதால் அவையும் இடம்பெற வேண்டும், தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களையும் மொத்தமாகச் சேர்த்துவிடுவது எளிது. அதன்பின் 'கொடு' இயங்கியது, ஆனால் எப்போதும் அல்ல. 'கொ' என்ற எழுத்தை ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, சரமாக ஒப்பிடும்போது வேறுவேறு. மூலநிரலிலுள்ள பெயர்களைப் பைத்தான் ஒரே வடிவத்துக்குச் சீர்ப்படுத்திவிடுகிறது. பயனர் தட்டிய வரியை யாரும் சீர்ப்படுத்துவதில்லை. இரண்டாம் வடிவில் உள்ளிடப்பட்ட 'கொடு'வுக்கு அறியேன் என்ற பழைய விடையே வந்தது. வரி விளக்கியை அடையுமுன் அதை ஒருங்குறிச் சீர்வடிவத்துக்கு மாற்றுவது மருந்து; அதற்கான செயற்கூறு செந்தர நூலகத்தில் ஆயத்தமாக உள்ளது. கட்டளைக்கு முன் இயங்கும் கொக்கியில் அதை மாட்டுவது இயல்பாகத் தோன்றினாலும், சோதனை நிரல்கள் உட்செயற்கூற்றை நேரடியாக அழைக்கும்போது அந்தக் கொக்கி இயங்காது என்பதால், மேலே சொல்லப்பட்ட விதிவிலக்குப் பொறியை அமைக்கும் அதே இடத்தில் இதையும் வைப்பது நல்லது.

தத்தல் விசை நிரப்பும் பாதிப்பெயர்களில் ஒரு விந்தை அதற்குப் பின்னும் மிஞ்சியது. 'பட்டியல்', 'படி' என இரண்டு கட்டளைகள் இருக்க, பகரத்தைத் தட்டித் தத்தல் விசையை அழுத்தினால் திரையில் 'பட' என்று நிரம்புகிறது. குறிகளை எண்ணும் ரீட்லைனுக்கு அதுவே இரண்டுக்கும் பொதுவான தொடக்கம். எழுத்தாகப் படிப்பவருக்கோ ஒன்றில் 'ட்' இருக்கிறது, மற்றொன்றில் 'டி' இருக்கிறது, இரண்டிலும் 'ட' இல்லை.