அச்சம் என்னும் மெய்ப்பாடும் வகுப்பறை மௌனமும்: கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' வழி ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

பள்ளிப் பருவக் குழந்தைகளிடம் காணப்படும் அச்சத்தையும் பதற்றத்தையும் தமிழாசிரியர்கள் எவ்வாறு இனங்காண்கின்றனர், எப்பெயரிட்டு அழைக்கின்றனர் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பொருள் உளவியலாருக்கும் மருத்துவர்க்கும் மட்டுமே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. குழந்தையின் அச்சத்தை முதலில் காண்பவர் ஆசிரியரே ஆவார். அதற்கு அவர் இடும் பெயரே அக்குழந்தையின் அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. பெயரிடுதல் மொழியின் செயல் ஆதலால், இது மொழியும் இலக்கியமும் கற்பிப்போரின் பொருளும் ஆகிறது.

இவ்வாய்வுக்கு எம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலில் குறிப்பிடுதல் தகும். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஜொகூர் மாநிலம் பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த யோங் பெங் வட்டாரத்தில் நடைபெற்ற தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான கதை கூறும் போட்டியொன்றில் நாம் நடுவராக அமர்ந்திருந்தோம். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த அப்பகுதியிலிருந்து வந்த ஒரு மாணவி மேடையேறினாள். அவைக்கு வணக்கம் கூறினாள். பின்னர் ஒரு சொல்லும் எழவில்லை. கைவிரல்கள் பாவாடையின் ஓரத்தைப் பற்றியிருந்தன. குறித்த நேரம் முடிந்தது. மதிப்பீட்டுத் தாளில் 'ஆயத்தமின்மை' என எழுதி, மிகக் குறைந்த புள்ளியை வழங்கினோம். நிகழ்ச்சி முடிந்தபின், உணவுக்கூடத்தின் பின்புறம் அதே மாணவி தன் தம்பிக்கு அக்கதை முழுவதையும் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டோம். அவளிடம் ஆயத்தம் இருந்தது. எமது தாளில் இருந்த சொல்லே பிழையானது. அப்பிழையின் வேர் யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

தொல்காப்பியம் காட்டும் அச்சம்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைக்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் அச்சம் பிறக்கும் களங்களாகக் கூறப்பெறுகின்றன. இறுதியாகக் கூறப்பெற்ற 'தம் இறை' என்பதற்குப் பேராசிரியர் உரை காணுமிடத்து, அரசனோடு தந்தையரையும் ஆசிரியரையும் சேர்த்துக் கொள்கிறார். இவ்வுரைக் குறிப்பு நாம் பெரிதும் கவனிக்காது விட்ட ஒன்று. பேயும் புலியும் திருடனும் அச்சம் தருவதைப் போலவே ஆசிரியரும் அச்சம் தரக்கூடும் என்பதை, யாரையும் பழிக்காமல், உரையாசிரியர் இயல்பாகப் பதிவு செய்துள்ளார்.

இங்கு இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, தொல்காப்பியம் அச்சத்தைக் குற்றமாகக் கூறவில்லை. காரணம் உடைய ஒரு நிலையாகவே கூறுகிறது. வள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில், அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை அறிவின்பாற் படுத்துகிறார். இரண்டாவது, மெய்ப்பாடு என்னும் சொல்லே உள்ளத்து உணர்வு மெய்யின்கண் வெளிப்படுதலைக் குறிக்கும். எண்வகைக்கு அப்பாற்பட்டனவாக அவ்வியல் தொகுத்துரைக்கும் முப்பத்திரண்டனுள் வெரூஉதல், வியர்த்தல், உயிர்ப்பு, நடுக்கு, மடிமை ஆகியனவும் அடங்கும். பதற்றமுற்ற குழந்தையிடம் இன்றைய மருத்துவர் தேடும் குறிகள் பலவும் இவற்றோடு ஒத்திருத்தல் வியப்பிற்குரியது. பள்ளி நாளின் காலையில் மட்டும் தோன்றி விடுமுறை நாளில் மறையும் வயிற்றுவலி, தலைவலி, குமட்டல், உள்ளங்கை வியர்வை ஆகியவை பொய்யல்ல. 'எனக்கு அச்சமாக இருக்கிறது' என்று சொல்லத் தெரியாத குழந்தையின் மெய் அதனைச் சொல்கிறது.

எனினும், ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய நூலில் இக்கால உளவியல் முழுவதும் உள்ளதென வாதிடுவது எம் நோக்கமன்று. அத்தகைய பெருமை பேசுதல் நூலுக்கும் குழந்தைக்கும் பயன் தராது. தொல்காப்பியர் செய்யுளில் உணர்வு புலப்படும் முறையையே பேசுகிறார். அவரிடமிருந்து நாம் பெறத்தக்கது நோய்ப் பட்டியல் அன்று, பார்க்கும் முறை.

'அன்பளிப்பு': கேட்க இயலாத குழந்தை

1950களில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றி மலேசியத் தமிழ் எழுத்துக்கு வழிகாட்டியவர் கு. அழகிரிசாமி. அவருடைய 'அன்பளிப்பு' சிறுகதைத் தொகுதி 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. தொகுதிக்குப் பெயர் தந்த சிறுகதை நம் வகுப்பறைகளுக்கும் அறிமுகமானதே. அண்டை வீட்டுக் குழந்தைகளிடம் அன்பு பாராட்டி, அவர்களுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து தரும் ஒருவரே கதைசொல்லி. உரிமையோடு கேட்கும் குழந்தைகள் பெறுகின்றனர். சாரங்கன் என்னும் சிறுவன் பெறவில்லை. இறுதியில் அவன் கதைசொல்லியைத் தன் வீட்டிற்கு அழைக்கிறான், உபசரிக்கிறான், பின்னர்த் தன்னிடமிருந்த நாட்குறிப்பேட்டை எடுத்து நீட்டி, அதனைத் தனக்கு அன்பளிப்பாக அளித்ததாக எழுதித் தருமாறு கேட்கிறான்.

இக்கதையை அன்புக்கு ஏங்கும் குழந்தையின் கதையாகவே பலரும் வாசித்துள்ளனர். அவ்வாசிப்பு பிழையன்று; ஆயின் முழுமையும் அன்று. ஏங்கும் குழந்தைகள் எல்லாரும் கேளாது இருப்பதில்லை. சாரங்கனிடம் ஏக்கத்தோடு இன்னொன்றும் உள்ளது. கேட்டால் மறுக்கப்படுவோமோ என்னும் அச்சமே அது. இக்கோணத்தில் நோக்கின், கதையின் இறுதிக் காட்சி வேறொரு பொருள் தருகிறது. பிறர் முன்னிலையில் கேட்க இயலாதவன், தான் விருந்தோம்பும் நிலையில் உள்ள தன் வீட்டைத் தேர்கிறான். பொருளைக் கேட்க இயலாதவன், பொருளைத் தானே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் கேட்கிறான். மறுப்பதற்கு மிகக் குறைந்த வாய்ப்புள்ள வேண்டுகோளாக அதனை அவன் சுருக்கிக் கொண்டுள்ளான். பதற்றத்திற்கான இக்காலச் சிகிச்சை முறைகளில், அஞ்சும் சூழலைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து அணுகச் செய்தல் முதன்மையானது. யாரும் கற்பிக்காமலேயே அச்சிறுவன் தனக்கான படிகளை அமைத்துக்கொள்கிறான்.

சாரங்கனுக்கு நோய்ப்பெயர் சூட்டுவது இலக்கிய விமரிசனம் ஆகாது. எமது கவனம் கதைசொல்லியின்மீது படிகிறது. அவர் கொடியவர் அல்லர். குழந்தைகளை உண்மையாக விரும்புபவர். அத்தகையவரும் ஒரு குழந்தையைக் காணத் தவறுகிறார். கலகலப்பாகப் பேசும் குழந்தைகள் அவர் பார்வையை நிறைத்துக்கொண்டதே அதற்குக் காரணம். கையுயர்த்தும் மாணவரைக் கொண்டே பாடத்தை நகர்த்தும் ஒவ்வோர் ஆசிரியரும் இக்கதைசொல்லியே ஆவார். யோங் பெங் வட்டாரத்தில் நடுவராக அமர்ந்திருந்த நாமும் அவரே.

மௌனத்தின் வகைகள்

மௌனமாக இருக்கும் மாணவரைக் 'கூச்ச சுபாவம்', 'அடம்', 'சோம்பல்' என்னும் மூன்று சொற்களுள் ஒன்றில் அடக்கிவிடுவது நம் வழக்கம். வீட்டில் இயல்பாகப் பேசும் குழந்தை பள்ளி போன்ற குறிப்பிட்ட சூழலில் மட்டும் தொடர்ந்து பேச இயலாதிருப்பதை, அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, பதற்றக் கோளாறுகளின் வரிசையில் வைத்துள்ளது. அதாவது, அக்குழந்தை பேச மறுக்கவில்லை, பேச இயலவில்லை. இந்நிலை ஒரு மாதத்திற்கேனும் நீடித்திருத்தல் வேண்டும் என்றும், பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது என்றும் அக்கையேடு வரையறுக்கிறது.

அதில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. அச்சூழலில் வழங்கும் மொழியில் போதிய பழக்கம் இல்லாமையால் விளையும் மௌனம் இக்கோளாறாகக் கருதப்படலாகாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, மலாய் பயிற்றுமொழியாக உள்ள தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் மாணவருக்கு இது மிக இன்றியமையாதது. புகுமுக வகுப்பிலோ முதலாம் படிவத்திலோ அவர் காக்கும் மௌனம் நோயின் குறியாகவும் இருக்கலாம். மொழி மாற்றத்தின் இயல்பான விளைவாகவும் இருக்கலாம். தாய்மொழியிலும் அவர் மௌனமாக இருக்கிறாரா என்பதை அறியாமல் இரண்டையும் வேறுபடுத்த இயலாது. அதனை அறியத்தக்க இடத்தில் இருப்பவர் தமிழாசிரியர். இடைநிலைப்பள்ளியில் தமிழ்ப் பாடவேளை இவ்வகையில் மொழிப்பாடத்தினும் மேலான பயன் உடையது.

இப்பொருளின் பரப்பை நாட்டின் சுகாதார ஆய்வுகளும் உணர்த்துகின்றன. 2017ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார, நோயுறு ஆய்வில், இடைநிலைப்பள்ளி மாணவருள் ஏறத்தாழ ஐவரில் இருவரிடம் பதற்றத்தின் அறிகுறிகள் காணப்பெற்றன. வினாநிரல் வழிப் பெறப்பட்ட இவ்வளவை மருத்துவ முடிவாகக் கொள்ளுதல் கூடாது. ஆயினும், வகுப்பறையில் ஓரிருவரின் தனிக்குறையாக இதனைக் கருதும் போக்கை இது மறுக்கிறது.

தேர்வு நீங்கியது, அச்சம் நீங்கியதா?

1988 முதல் நடத்தப்பெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. மூன்றாம் படிவ மாணவருக்கான பி.தி. 3 தேர்வு 2022இல் அகற்றப்பட்டது. இவற்றோடு மாணவரின் அச்சமும் அகன்றுவிடும் எனச் சிலர் எதிர்பார்த்தனர். தேர்வு ஒரு 'இறை' மட்டுமே. ஆண்டுக்கு ஒருமுறை வந்த அதன் இடத்தில், நாள்தோறும் நிகழும் வகுப்புசார் மதிப்பீடு அமைந்துள்ளது. வாய்மொழியாகப் பேசிக் காட்டுதல் அதில் ஒரு கூறு. ஆசிரியர் கருணையோடு கையாண்டால், அஞ்சும் குழந்தைக்கு ஏற்ற படிகளை அமைக்க இம்முறை பெரிதும் இடம் தரும்; கருணையின்றிக் கையாண்டால் ஒவ்வொரு நாளும் தேர்வுநாளாகும்.

'அந்தக் காலத்தில் நாங்கள் இவ்வாறெல்லாம் அஞ்சினோமா?' என்னும் கேள்வியும் ஆசிரியர் அறைகளில் எழுவதுண்டு. அஞ்சினோர் பலர் பள்ளியை விட்டு நீங்கினர். நீங்கியோர் ஆசிரியர் அறைக்கு வந்து விடை கூறுவதில்லை.

ஆசிரியர் செய்யத்தக்கன

அஞ்சும் குழந்தையைக் கட்டாயப்படுத்தி மேடையேற்றுதல் அச்சத்தை ஆழப்படுத்தும். முற்றாக விலக்களித்தலும் அவ்வாறே. தவிர்க்குந்தோறும் அச்சம் வளரும் என்பது உளவியலார் ஒருமித்துக் கூறும் கருத்து. இரண்டிற்கும் இடைப்பட்ட வழியே பயன் தருவது. முதலில் தோழியின் காதில் விடை கூறச் செய்யலாம். அடுத்து வீட்டில் குரலைப் பதிவு செய்து வரச் சொல்லலாம். பின்னர் இருவராக நின்று வாசிக்கச் செய்யலாம். இறுதியில் தனியே ஒரு வரி. 'பயப்படாதே' எனக் கூறுதல் ஆறுதல் போலத் தோன்றினும், அச்சம் தவறு என்பதையே அது உணர்த்துகிறது. 'பயமாக இருக்கிறதா? இந்த ஒரு வரியை மட்டும் பார்ப்போம்' என்பது அச்சத்தை ஏற்றுக்கொண்டு அடுத்த படியையும் காட்டுகிறது.

வாரக்கணக்கில் இந்நிலை நீடித்துப் பள்ளி வருகையும் உணவும் உறக்கமும் பாதிக்கப்படுமாயின், ஆலோசக ஆசிரியரையும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கையும் நாடப் பெற்றோர்க்குத் துணைநிற்றல் வேண்டும். மாணவர் தொகை குறைந்த தோட்டப்புறப் பள்ளிகளில் முழுநேர ஆலோசகர் கிடைத்தல் அரிது. ஆதலின், அங்கே வகுப்பாசிரியரின் பார்வையே முதல் துணை.

முடிவுரை

மெய்ப்பாட்டியலின் இறுதியில், கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரவல்லார்க்கு அல்லாமல் பிறர்க்கு மெய்ப்பாட்டின் பொருள் விளங்காது எனத் தொல்காப்பியர் வரையறுக்கிறார். செய்யுள் நுகர்வோர்க்குக் கூறிய இத்தகுதி வகுப்பறையில் நிற்போர்க்கும் பொருந்தும். இலக்கியம் கற்பிக்கும் நாம் தலைவியின் ஒரு பெருமூச்சிற்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதப் பழகியவர்கள். அப்பயிற்சியை முன்னிருக்கும் குழந்தையிடம் செலுத்தாவிடின் அக்கல்வியால் என்ன பயன்? யோங் பெங் மாணவியின் விரல்கள் பாவாடை ஓரத்தைப் பற்றியிருந்ததை நாம் கண்டோம், கண்டும் வாசிக்கவில்லை. அம்மதிப்பீட்டுத் தாளை இன்று திருத்த இயலாது. அடுத்த தாளில் 'ஆயத்தமின்மை' என எழுதுமுன் ஒருமுறை நிமிர்ந்து பார்க்க இயலும்.