நீலம் என்றால் எந்த நிறம்?

வாசகரே, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் மயில்துத்தக் கட்டியொன்றைக் காட்டி, "இது என்ன நிறம்?" என்று கேளுங்கள். அதே கேள்வியைப் பள்ளியில் படிக்கும் சிறுவனிடமும், துணிக்கடையில் வேலை பார்க்கும் நண்பரிடமும் கேளுங்கள். 'நீலம்' என்பார் ஒருவர். 'ஊதா' என்பார் மற்றொருவர். 'மயில்கழுத்து' என்றோ 'புளூ' என்றோ சொல்பவரும் உண்டு. பொருள் ஒன்று, அதிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியும் ஒன்று. பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

ஒரே ஊரில், ஒரே மொழியில் இந்நிலை என்றால், உலகின் பல மொழிகளுக்கிடையே என்ன ஆகும்? பொது அறிவு நூல்களிலும் பிறமொழி கற்பிக்கும் சிறு நூல்களிலும் அடிக்கடி ஒரு பட்டியலைக் காண்கிறோம். தமிழில் நீலம், ஆங்கிலத்தில் புளூ, ஸ்பானியத்தில் அசூல், ரஷ்ய மொழியில் சீனிய், ஜப்பானியத்தில் ஆவோ என்று வரிசையாக எழுதி, நடுவே சமக்குறி இட்டுவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சமக்குறி சரியா என்பதுதான் இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

ஆய்வகத்தில் நடந்தது

மதுரையை அடுத்த கல்லூரியொன்றில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இக்கேள்வி நூலிலிருந்து எழவில்லை. ஒரு மாணவியின் பதிவேட்டிலிருந்து எழுந்தது. பட்டப்படிப்பு மாணவர்கள் பாதரச ஆவி விளக்கின் நிறமாலையை, அங்குலத்துக்கு 15,000 கோடுகள் கொண்ட கீற்றணியின் வழியே நிறமாலைமானியில் நோக்கி, ஒவ்வொரு வரியின் கோணத்தையும் அளப்பது வழக்கம். ஊதா, நீலம், நீலப்பச்சை, பச்சை, அடுத்தடுத்து இரு மஞ்சள் என்று அட்டவணையில் எழுத வேண்டும். அந்த மாணவியோ முதல் வரிக்குக் 'கத்தரிப்பூ நிறம்' என்றும், இரண்டாவதற்கு 'ஊதா' என்றும் எழுதியிருந்தார். சிவப்பு மையால் இரண்டையும் அடித்து, மதிப்பெண்ணையும் குறைத்தேன்.

"சார், எங்க வீட்டில இதத்தான் ஊதான்னு சொல்லுவோம். நீலம்னா வேட்டிக்குப் போடுறதுதானே?" என்றார் அவர்.

அப்போதுதான் அவர் எழுதிய கோணங்களைப் பார்த்தேன். முதல் வரிக்கு 13 பாகை 50 கலை. இரண்டாவதற்கு 14 பாகை 55 கலை. 404.7 நானோமீட்டர், 435.8 நானோமீட்டர் என்னும் அலைநீளங்களுக்குக் கணக்குப்படி வரவேண்டிய கோணங்கள் அவையே. ஆக, அவர் இரண்டு நிறங்களையும் பிரித்துப் பார்த்திருக்கிறார். துல்லியமாக அளந்தும் இருக்கிறார். பாடநூலின் சொல்லும் அவர் வீட்டுச் சொல்லும் ஒத்துப்போகவில்லை என்பதே நடந்தது. அவர் சொன்னது பொய்யுமன்று. தென்மாவட்டங்களில் பல வீடுகளில் நீலம் என்பது வெள்ளைத் துணியின் பழுப்பை மறைக்கக் கரைத்துப் போடும் பொருள். நிறத்தின் பெயர் ஊதா.

இதைச் சிறு செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. 'புறஊதாக் கதிர்' என்று அடுத்த பாடத்தில் வரும். ஊதாவே நீலம் என்று கொண்ட மாணவர், நீலத்துக்கு அப்பால் இருப்பதே புறஊதா என்று கொண்டால், கண்ணுக்குத் தெரியும் கத்தரிப்பூ நிறத்தையும் கண்ணுக்குத் தெரியாத கதிரோடு சேர்த்துவிடுவார். சொல் ஒன்று பிசகினால் கருத்தும் பிசகுகிறது.

பெயர் எங்கிருந்து வந்தது?

இனி உலக மொழிகளைப் பார்ப்போம். சிவப்புக்கு இரத்தமும் நெருப்பும், பச்சைக்கு இலையும் எல்லா நாட்டிலும் உண்டு. நீலமோ அப்படியன்று. வானும் கடலும் நீலமே என்றாலும், அவற்றைக் கையில் எடுத்துத் துணியில் தடவ முடியாது. ஆகவே பல மொழிகள் இந்நிறத்துக்குப் பெயரை வேறொரு பொருளிலிருந்து கடன் வாங்கின.

சில மொழிகள் சாயச் செடியிலிருந்து வாங்கின. வடமொழியில் நீலம் என்னும் நிறப்பெயரும் 'நீலீ' என்னும் அவுரிச் செடியின் பெயரும் ஒரே வேரின. சீனத்தில் நீலத்தைக் குறிக்கும் 'லான்' என்னும் சொல்லும் முதலில் சாயச் செடியின் பெயரே. இந்தியாவின் நீலச் சாயத்தோடு நீலம் என்ற சொல்லும் அரபு மொழிக்குச் சென்றது. அங்கிருந்து போர்த்துகீசியத்தில் 'அனில்' ஆயிற்று. வேதியியலில் நாம் படிக்கும் அனிலீன் அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததே. கிரேக்கர் அச்சாயத்தை 'இந்தியப் பொருள்' என்று அழைத்தனர். இண்டிகோ என்ற பெயர் அதன் வழி வந்தது.

வேறு சில மொழிகள் கல்லிலிருந்து வாங்கின. ஆப்கானிஸ்தானத்தின் பதக்ஷான் பகுதியில் தோண்டியெடுக்கப்படும் நீலக்கல்லுக்குப் பாரசீகத்தில் 'லாஜ்வர்த்' என்று பெயர். ஸ்பானிய 'அசூல்', இத்தாலிய 'அட்ஸுர்ரோ', துருக்கியர் கருநீலத்துக்கு வழங்கும் 'லாஜிவர்த்' ஆகிய மூன்றும் அக்கல்லின் பெயரிலிருந்து திரிந்தவை. தண்ணீரிலிருந்து பெயர் எடுத்த மொழிகளும் உண்டு: பாரசீக 'ஆபீ'யும் துருக்கிய 'மாவி'யும் நீரின் நிறம் என்னும் பொருளுடையவை. இந்தியில் வழங்கும் 'ஆஸ்மானீ' வானத்திலிருந்து வந்தது.

கல்லின் நிறம் வேறு, அவுரிச் சாயத்தின் நிறம் வேறு, நீரின் நிறம் வேறு. தொடக்கமே வேறாக இருக்க, முடிவில் எல்லாம் ஒன்று என்று சமக்குறி இடுவது எப்படிப் பொருந்தும்?

எல்லைக்கோடு எங்கே?

பெயரின் பிறப்பைவிட முக்கியமானது அதன் எல்லை. சூரிய ஒளியின் நிறமாலையில் கோடு கிழித்த எல்லை ஏதுமில்லை. ஏறத்தாழ 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை அலைநீளம் இடைவெளியின்றி மாறிக்கொண்டே செல்கிறது. அதை வெட்டிப் பெயரிடுவது மொழி.

ஜப்பானியரின் 'ஆவோ' நம் நீலத்தோடு பச்சையில் ஒரு பகுதியையும் தழுவும். ஆகவேதான் சாலையில் 'போகலாம்' என்று காட்டும் பச்சை விளக்கை அவர்கள் ஆவோ என்கிறார்கள். வியட்நாமியரின் 'சான்' நீலம், பச்சை இரண்டுக்கும் பொது. இலைச் சான், வானச் சான் என்று அடைமொழி கொடுத்துப் பிரிப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியும் புல்லைப் போன்றது, வானைப் போன்றது என்று இவ்வாறே செய்கிறது. வேல்ஸ் மொழியில் 'கிளாஸ்' என்றால் நீலம். ஆனால் புல்லின் பெயரிலும் அச்சொல் உள்ளது. இதற்கு நேர்மாறானவர்கள் ரஷ்யர்கள். கருநீலம் அவர்களுக்குச் 'சீனிய்', வெளிர்நீலம் 'கலுபோய்'. நமக்குச் சிவப்பும் இளஞ்சிவப்பும் எப்படியோ, அவர்களுக்கு இவை அப்படி இரு வேறு நிறங்கள். 'நீலத்துக்கு ரஷ்யச் சொல் என்ன?' என்று கேட்டால், 'எந்த நீலத்துக்கு?' என்பதே சரியான விடை.

தமிழும் விலக்கன்று. உடலில் பச்சை குத்திக்கொண்டவரின் கையைப் பாருங்கள். ஊசியால் ஏற்றப்பட்டது பெரும்பாலும் கரிய மை. தோல் குறுகிய அலைநீள ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வதால் அது நீலம் கலந்த சாயலில் தெரிகிறது. அதை நாம் பச்சை என்கிறோம். கையில் தெரியும் நரம்பைப் 'பச்சை நரம்பு' என்கிறோம்; ஆங்கிலேயர் அதையே நீல நரம்பு என்பார்கள். இருவர் கண்ணும் ஒன்றே. வேலி போட்ட இடம்தான் வேறு.

வானவில்லின் ஏழு நிறங்களும் இத்தகைய வேலியே. 1704இல் வெளிவந்த தம் ஒளியியல் நூலில் நியூட்டன் ஏழு நிறங்களைக் கூறியது, இசையின் ஏழு சுரங்களுக்கு ஒப்பாக. நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடையே அவர் வைத்த நிறம் இண்டிகோ, அதாவது நம் அவுரிச் சாயம். அதையே கருநீலம் என்று மொழிபெயர்த்து நம் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். வானவில்லில் கருநீலத்தைத் தனியே காண முடியவில்லை என்று ஒரு மாணவர் சொன்னால் அது அவர் கண்ணின் குறையன்று.

சொல் இல்லையேல் பார்வை இல்லையா?

பட்டியலைவிடத் தீங்கான முடிவு ஒன்று உண்டு. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமரான கிளாட்ஸ்டன், 1858இல் ஹோமரின் காப்பியங்களைப் பற்றி எழுதிய நூலில், அவற்றில் கடலும் வானும் நீலம் என்று கூறப்படாமையைச் சுட்டி, பழங்காலக் கிரேக்கரின் நிறவுணர்வு முழு வளர்ச்சி பெறவில்லை என்றார். 1877இல் ஹியூகோ மாக்னஸ் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இதை மேலும் வளர்த்து, மனிதரின் விழித்திரையே படிப்படியாகத்தான் நீலத்தை உணரக் கற்றது என்றார்.

இந்த ஆராய்ச்சி நம் நாட்டுக்கும் வந்தது. 1898இல் டாரஸ் நீரிணைத் தீவுகளில் மக்களின் நிறக்காட்சியைச் சோதித்த ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர், அடுத்த சில ஆண்டுகளில் நீலகிரிக்கு வந்து தோடர்களையும், பின்னர் ஊராளிகளையும் சோளகர்களையும் சோதித்தார். தீவு மக்கள் நீலத்தைக் கருமையோடு சேர்த்துப் பெயரிடுவதைக் கண்ட அவர், கரிய நிறத்தவரின் விழியில் நீல ஒளியை உறிஞ்சும் நிறமி மிகுதியோ என்று கருதினார். அக்கருத்தைப் பின்வந்தோர் மறுத்தனர். ஆனால், 'அவர்கள் மொழியில் நீலம் இல்லை. ஆகவே அவர்கள் கண்ணில் நீலம் இல்லை' என்னும் பேச்சு இன்றும் வியப்புச் செய்தியாகப் பரப்பப்படுகிறது.

இயற்பியலும் உடலியலும் கூறுவது வேறு. இயல்பான மனிதக் கண்ணில் மூவகைக் கூம்புச் செல்கள் உள்ளன. அவற்றுள் ஒருவகை ஏறத்தாழ 420 நானோமீட்டர் ஒளியை மிகுதியாக ஏற்பது. இந்த அமைப்பு எல்லா இனத்தார்க்கும் பொது. நிறக்குருடு தனி மனிதருக்கு வருவது, மொழிக்கு வருவதன்று.

அப்படியானால் சொல்லுக்கு எவ்வித ஆற்றலும் இல்லையா? சிறிது உண்டு. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இரு நீலச் சாயல்கள் 'சீனிய்', 'கலுபோய்' என்னும் எல்லையின் இருபுறமும் அமைந்தபோது, ரஷ்ய மொழியினர் அவற்றைச் சற்று விரைவாக வேறுபடுத்தினர். ஆங்கில மொழியினரிடம் அவ்விரைவு காணப்படவில்லை. எண்களை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருக்கச் செய்தபோது ரஷ்யரிடமும் அது மறைந்தது. சொல் கண்ணுக்குச் சற்று கைகொடுக்கிறது. கண்ணைத் திறப்பதோ மூடுவதோ இல்லை.

1969இல் பெர்லின், கே என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், மொழிகள் நிறப்பெயர்களைப் பெறுவதில் ஒரு வரிசை உண்டு என்றனர்: முதலில் கருப்பும் வெள்ளையும், பின்பு சிவப்பு, அதன்பின் பச்சையும் மஞ்சளும், அடுத்தே நீலம். மதிக்கத்தக்க ஆய்வு; பின்னர் அவர்களே அதைத் திருத்தியும் விரிவாக்கியும் உள்ளனர். ஆனால் இவ்வரிசையைப் படிக்கட்டாக்கி, ஆங்கிலத்தை உச்சியில் நிறுத்திப் பிற மொழிகளைக் கீழ்ப்படியில் வைத்துக் காட்டும் பொதுக் கட்டுரைகளை ஏற்பதற்கில்லை. அடிப்படைச் சொற்களை மட்டும் எண்ணினால் தொழிலாளரின் அறிவு கணக்கில் வராது. மதுரையில் சேலைக்கடைக்குச் சென்றால் மயில்கழுத்து, ஆகாய நீலம், கிளிப்பச்சை என்று எத்தனை பெயர்கள்! மதுரையில் 1916இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களின் பெயரால் 'எம்.எஸ். புளூ' என்றே ஒரு நீலம் வழங்குகிறதே! அதைக் கேட்டு வாங்கும் பெண்மணி அடுத்த சாயலை எடுத்துக் காட்டினால் ஏமாறுவாரா?

செய்யவேண்டியது

ஆகவே என் கருத்து இதுதான். நிறப்பெயர்களுக்கிடையே சமக்குறி இடும் பட்டியல்களை விளையாட்டாகப் படிக்கலாம், அறிவியலாகக் கொள்ளலாகாது. பாடநூலில் நிறப்பெயர் வரும் இடத்தில் அலைநீளத்தையும், மாணவர் அறிந்த ஒரு பொருளையும் உடன் தரவேண்டும். 'ஊதா, அதாவது கத்தரிப்பூ நிறம், ஏறத்தாழ 400 முதல் 440 நானோமீட்டர்' என்று ஒரே வரி சேர்த்தால் போதும், புறஊதாவும் விளங்கிவிடும். ஆங்கிலத்தில் வயலட் என்பதும் ஒரு பூவின் பெயர்தானே? அவர்கள் தம் தோட்டத்துப் பூவைச் சொன்னார்கள்; அந்த மாணவி தம் தோட்டத்துப் பூவைச் சொன்னார்.

கலைச்சொல் வேண்டாம் என்பதன்று என் வாதம். பத்துப் பேர் ஒரே பொருளைப் பேசப் பொதுச்சொல் கட்டாயம் தேவை. ஆனால் அதைக் கற்பிக்குமுன் மாணவரின் சொல் எது என்று கேட்டறிய வேண்டும். கேட்காமல் அடித்துவிட்டால், தம் வீட்டார் பேசுவது தவறு என்றும், தம் கண்ணே பிழை என்றும் அவர் எண்ணத் தொடங்குவார்.

அந்தப் பதிவேட்டைத் திரும்ப வாங்கி, குறைத்த மதிப்பெண்ணைச் சேர்த்தேன். மாணவியும் 'கத்தரிப்பூ நிறம்' என்பதன் பக்கத்தில் ஊதா என்றும், 'ஊதா' என்பதன் பக்கத்தில் நீலம் என்றும் எழுதினார். கோணங்களில் திருத்த எதுவும் இல்லை. அதே கீற்றணியை வைத்தால் மாஸ்கோவிலும் டோக்கியோவிலும் அந்த வரிகள் அதே கோணங்களில்தான் நிற்கும்.