கண்ணை வரைந்தால் போதுமா?

தூர்தர்ஷன் மட்டுமே டி.வி-யாக இருந்த காலத்தில் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் அந்தக் கண்ணை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு வளைவுகள், நடுவில் ஓர் உருண்டை. சுற்றிச் சுற்றி வந்து நிற்குமே, அதேதான். அதை வரைந்தவர் தேபாஷிஷ் பட்டாச்சார்யா. 1970-களில், அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைனில் படித்துக்கொண்டிருந்த மாணவர். ஒரு மாணவர் போட்ட படம் நாடு முழுக்க வீட்டுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அதனால், 'ஸ்டூடன்ட் வேலைதானே' என்று நான் எதையும் ஒதுக்குவதில்லை. பெரியவர்கள் வேலையைப் பார்க்கிற அதே கண்ணோடுதான் பார்க்கிறேன். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விஸ்காம், கிராஃபிக் டிசைன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு ப்ராஜெக்ட் உண்டு. உள்ளூரில் ஒரு மகளிர் குழு, முதியோர் இல்லம், தொண்டு அமைப்பு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்து லோகோ, போஸ்டர், நோட்டீஸ் செய்து கொடுக்க வேண்டும். அருமையான ஏற்பாடு. அமைப்புக்குக் காசு மிச்சம், பிள்ளைக்கு அனுபவம். மதுரைக்கு இது ரொம்பவே பொருந்தும். இங்கே கண் சிகிச்சை முகாம் நடக்காத வாரம் ஏது?

டாக்டர் கோ.வெங்கடசாமி அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் முகாம்களை ஊர் ஊராக ஏற்று நடத்துபவர்கள் உள்ளூர்க்காரர்கள். அரிமா சங்கம், பள்ளி நிர்வாகம், இளைஞர் மன்றம் என்று யாராவது. டாக்டர்கள் வருவார்கள்; ஊருக்குச் சொல்ல வேண்டியது இவர்கள் பொறுப்பு. ஆக, அந்த நோட்டீஸ்தான் முகாமின் வாசற்படி.

இப்போது ஒரு மாணவர் அதற்கு போஸ்டர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எப்படி இருக்கும்? கன்னங்கரேல் பின்னணி. நடுவே பாதி மூடிய ஒற்றைக் கண். மேலே 'இருளிலிருந்து ஒளிக்கு'. அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி தேதி, இடம், நேரம். இங்கிலீஷில் லே-அவுட் போட்டுவிட்டு, கடைசியில் தமிழைக் கொட்டி அமுக்கியிருப்பார். கண்காட்சியில் மாட்டினால் கைதட்டல் நிச்சயம்.

சரி, இதைப் படிக்க வேண்டியவர் யார்? உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் கண்புரை விழுந்த பாட்டி. அவருக்கு எழுத்து தெரிந்திருந்தாலும், கண் தெரியாது! நோட்டீஸை வாசிக்கப்போவது ஏழாம் வகுப்புப் பேத்தி. கேட்கப்போவது பாட்டி. அதாவது, இது வாய்விட்டு வாசிப்பதற்கான நோட்டீஸ். 'இருளிலிருந்து ஒளிக்கு' என்று பேத்தி வாசித்தால் பாட்டி என்ன கேட்பார்?

"அதெல்லாம் இருக்கட்டும்டி... காசு எம்புட்டு? எத்தன நாளு தங்கணும்? ஆபரேசன் பண்ணுனா இருக்குற கண்ணும் போயிருமா? நான் போயிட்டா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?"

பாட்டியின் பேச்சு என் கற்பனை. கேள்விகள் நிஜம். தென்னிந்தியக் கிராமங்களில், அரவிந்த் ஆட்களும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. கண்ணில் கோளாறு உள்ள பெரியவர்கள் 100 பேரில், முகாமுக்கு வந்தவர்கள் 7 பேர்கூட இல்லை. ஏன் வரவில்லை? பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, 'இந்த வயசுல எதுக்கு' என்ற சலிப்பு. இத்தனைக்கும் அறுவை சிகிச்சை, சாப்பாடு, தங்குமிடம், பஸ்ஸில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாமே இலவசம். பாட்டி தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒரு வரியைத்தான். அது போஸ்டரின் எந்த மூலையில் இருக்கிறது?

படமாவது பேசும் என்பீர்கள். நேபாளத்தில் யுனிசெஃப் பங்கேற்ற ஓர் ஆய்வு, 1976. கிராமத்து மக்களிடம் விதவிதமான படங்களைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டார்கள். பின்னணியோடு இருந்த போட்டோவைவிட, பின்னணியை வெட்டி எடுத்த போட்டோ நன்றாகப் புரிந்தது. ரொம்பச் சுருக்கி 'ஸ்டைல்' பண்ணிய படம்தான் அதிகம் குழப்பியது. நம்முடைய ஒற்றைக் கண், இதில் எந்த ரகம்?

நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று, வரவு என்று பிரித்தால்தான் தூக்கம் வரும். மாணவருக்கு மார்க் வரவு. கல்லூரிக்கு 'சமூக சேவை' ஃபைலில் ஒரு பக்கம் வரவு. அமைப்புக்கு? ஒரு சி.டி.யோ, பென்டிரைவோ. அடுத்த முகாமுக்குத் தேதியை மாற்றலாம் என்று திறந்தால், எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வரும். மாணவரின் ஃபான்ட் இவர்கள் கம்ப்யூட்டரில் இல்லை. படிப்பு முடிந்து அவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போயிருப்பார். பக்கம் முழுக்கக் கறுப்பு மையும் ஏழை அமைப்புக்குத் தண்டச் செலவு.

அமைப்புக்காரர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று பழகிவிட்டோம். பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நான் சொல்கிறேன், தாராளமாகப் பல்லைப் பிடித்துப் பாருங்கள். குறை சொல்ல ஆளில்லாத மாணவர் எப்படித் தேறுவார்?

திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. தப்பு, மார்க் போடும் இடத்தில் இருக்கிறது. ஏ.சி. அறையில் தேர்வாளர் போடும் மார்க்கைப் பாதியாக்குங்கள். மீதிப் பாதியை அமைப்பு போடட்டும், அதுவும் மூன்று மாதம் கழித்து. அச்சடிப்பதற்கு முன், ஒரு பேத்தி வாசித்து ஒரு பாட்டி கேட்டாக வேண்டும் என்று விதி வையுங்கள். கலர் தாளில் ஒற்றை மையில் அடிக்கிற மாதிரி இருக்கட்டும். தேதிக்கும் ஊருக்கும் இடம் காலியாக விடுங்கள். ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொள்வார்கள். தமிழ் யூனிகோடில் இருக்கட்டும்.

'இவ்வளவுதானா டிசைன்?' என்று மாணவர்கள் முகம் சுளிக்கலாம். தம்பி, தங்கச்சி... உங்கள் நோட்டீஸைக் கேட்டுவிட்டு ஒரு பாட்டி பக்கத்து வீட்டுக்காரியிடம், "நாலு நாளைக்கு மாட்டைப் பாத்துக்கத்தா, கண்ணைக் காட்டிட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினால், நூற்றுக்கு நூறு. அதைவிடப் பெரிய மார்க்கை எந்தத் தேர்வாளராலும் போட முடியாது.